மலை ரிசார்ட்டில் "எங்கள் பண்ணையில் விளைந்த சாப்பாடு": எவ்வளவு நம்பலாம், எப்படிக் கேட்டு வாங்கலாம்?

காட்பாடியிலிருந்து ஏழு பேர் கிளம்பி ஏலகிரியிலோ ஜவ்வாது மலையிலோ இரண்டு நாள் ரிசார்ட்டில் தங்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். "எங்கள் பண்ணையில் விளைந்ததை மட்டுமே சமைத்துப் பரிமாறுகிறோம்" என்ற விளம்பரம் நிஜமா, எந்த மாதம் போகலாம், சர்க்கரை இருக்கிற மாமனாருக்கு அங்கே என்ன கேட்டு வாங்குவது, பிரியாணிதான் வேண்டும் என்கிற பிள்ளைகளை எப்படிச் சமாளிப்பது என்பவை உங்கள் கேள்விகள். இந்த இரண்டு மலைகளிலும் தங்கும் விடுதிகளின் சமையல்கட்டுக்குக் காய்கறியும் தானியமும் வாங்கிக் கொடுக்கிற வேலையில் பல வருடமாக இருக்கிறேன். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நாற்பது ஐம்பது பேர் தங்குகிற எந்த ரிசார்ட்டும் மூன்று வேளைச் சாப்பாட்டையும் சொந்த நிலத்தை வைத்தே போட முடியாது. ஆனால் ஒரு வேளையில் நாலைந்து பண்டம் அந்த மலையிலேயே, அந்த வாரத்திலேயே பறித்ததாக இருக்க முடியும். அப்படி அமைந்துவிட்டால் அந்தச் சாப்பாட்டுக்கு ஈடு கிடையாது. அது உங்கள் இலைக்கு வருவது பாதி அவர்கள் கையில், பாதி உங்கள் கையில். கொல்லையில் என்ன இருக்கிறதோ அதைச் சமையுங்கள் என்று விட்டுக்கொடுக்கிற விருந்தாளிக்குத்தான் கொல்லைச் சாப்பாடு கிடைக்கும். நம் ஊரில் யாரும் இதைச் சொல்வதில்லை, அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

ஏன் முடியாது என்பதற்கு முட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். நாற்பது பேருக்குக் காலை டிபனோடு ஆளுக்கு இரண்டு முட்டை என்றால் எண்பது. வீட்டில் வளர்க்கும் நாட்டுக்கோழி வருடத்துக்கு 60 முதல் 80 முட்டைதான் போடும். ஒரு கோழி வருடம் முழுக்கப் போடுவது ஒரே காலை டிபனில் தீர்ந்துவிடுகிறது. தினமும் அப்படிப் போட வேண்டுமானால் நானூறு கோழிக்கு மேல் வேண்டும். நாட்டுக்கோழிக் கறியும் இதே கதைதான். நாட்டுக்கோழி ஒன்றேகால் கிலோ எடைக்கு வர நாலைந்து மாதம் பிடிக்கும். பிராய்லர் நாற்பது நாளில் இரண்டு கிலோவைத் தொட்டுவிடும். ராத்திரிக்கு நாற்பது பேருக்குப் பத்துக் கோழி அறுத்தால், தினமும் அப்படி அறுக்க ஆயிரத்து இருநூறு கோழியாவது வெவ்வேறு வயதில் நிலத்தில் மேய்ந்துகொண்டிருக்க வேண்டும். ஏலகிரியில் அப்படி ஒரு ரிசார்ட்டை நான் பார்த்ததில்லை. சனி ஞாயிறு மெனுவில் எல்லா மேசைக்கும் "பண்ணை நாட்டுக்கோழி" என்றிருந்தால் அது வெளியிலிருந்து வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து வருவது குற்றமே இல்லை. சொந்தப் பண்ணை என்று சொல்வதுதான் தப்பு.

சோறும் அப்படித்தான். மலையில் தண்ணீர் நிற்கிற பள்ளங்களில் கொஞ்சம் நெல் போடுகிறார்கள், ஆனால் விடுதிச் சமையல்கட்டுக்குப் போகிற அரிசி பெரும்பாலும் ஆரணிப் பக்கத்து ஆலை அரிசி. துவரம்பருப்பு, சர்க்கரை, வெங்காயம், உருளைக்கிழங்கு, எண்ணெய் எல்லாம் கீழிருந்து ஏறுபவை. வேலூர் நேதாஜி மார்க்கெட்டிலோ, வாணியம்பாடி, திருப்பத்தூரிலோ விடியற்காலை ஏற்றினால் டிபன் நேரத்துக்கு மலைக்குப் போய்விடும். அந்த மார்க்கெட்டுக்கே தக்காளியும் கேரட்டும் ஓசூர், கோலார் பக்கமிருந்துதான் நிறைய வருகின்றன. அதனால் உங்கள் தட்டில் பிரக்கோலியும் கேரட்டும் காலிபிளவரும் வரிசை கட்டி நின்றால், அதைப் பண்ணை விளைச்சல் என்று யாராவது சொன்னால், யோசியுங்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். ஏலகிரி ஆயிரம் மீட்டரை ஒட்டியது. ஜவ்வாது மலையில் காவலூர் வான் ஆய்வகம் இருக்கிற இடம் 725 மீட்டர். மார்கழிக் குளிரில் கொஞ்சம் முள்ளங்கி, முட்டைகோஸ் எடுக்கலாம். சித்திரையில் அது நடக்காது. இந்த மலைகள் ஊட்டியாக நடிக்க வேண்டிய அவசியமும் இல்லை, இவற்றுக்கென்று இருக்கிற விளைச்சலே போதும்.

அந்த விளைச்சலில் முதலிடம் சாமைக்கு. பழைய வட ஆற்காட்டில் சாமை என்றால் ஜவ்வாது மலைதான். அங்கே இருக்கிற மலையாளி என்கிற பழங்குடி மக்கள் (கேரளத்துக்காரர்கள் இல்லை) சரிவுக் கொல்லைகளில் மானாவாரியாக விதைக்கிறார்கள். ஆடியை ஒட்டி விதைத்தால் ஐப்பசி, கார்த்திகையில் கதிர் அறுக்கலாம். மானாவாரியில் ஏக்கருக்கு நாலு குவிண்டால், அதாவது நானூறு கிலோ, வந்தாலே நல்ல மகசூல். உமி போக அதில் மூன்றில் இரண்டு பங்கு அரிசி நிற்கும். ஆளுக்கு நூறு கிராம் என்று வைத்தாலும் நாற்பது பேருக்கு ஒரு வேளைக்கு நாலு கிலோ. ஆக, ஒரு ஏக்கர் சாமை நாற்பது பேருக்குத் தினம் ஒரு வேளை வீதம் இரண்டு மாதத்துக்கு மேல் வரும். மேலே சொன்ன கோழிக் கணக்கோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு ரிசார்ட் நிஜமாகவே தன் மண்ணிலிருந்து போட முடிகிற பண்டம் இது. திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் அத்தியந்தலில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் இருக்கிறது. அந்த ஊர்ப் பெயரிலேயே அத்தியந்தல் 1 என்று சாமை ரகமும் வந்திருக்கிறது. விதைக்கும் பஞ்சமில்லை.

ஆனாலும் பல சமையல்கட்டுகள் சாமையைக் கண்டால் ஓடுகின்றன. காரணம் கல். சாமை மணி கடுகை விடக் கொஞ்சம்தான் பெரிது. களத்து மண்ணிலிருந்து வந்த பொடிக்கல்லும் அதே அளவு, அதே நிறம். சல்லடையில் பிரியாது. இரண்டு பாத்திரம் வைத்து, தண்ணீரில் அலசி அலசி, மேலே மிதந்து வருகிற மணியை மட்டும் அடுத்த பாத்திரத்துக்குச் சாய்த்துக்கொண்டே போக வேண்டும். கடைசியில் அடியில் ஒரு கைப்பிடி மண்ணும் கல்லும் தங்கும். அரிக்கத் தெரிந்த கை இருந்தால் நாலு கிலோவை அரை மணி நேரத்தில் முடித்துவிடும். தெரியாத கை வைத்தால் முதல் கவளத்திலேயே விருந்தாளி பல்லில் கல் கடிபடும். கல் நீக்கும் இயந்திரம் வைத்திருக்கிற அரவைக் கூடத்தில் வாங்கினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். ஆனால் அங்கே வெள்ளை வெளேரென்று தீட்டிக் கொடுத்துவிடுவார்கள். தவிட்டோடு சேர்த்து நார்ச்சத்தும் போய்விடும். தீட்டாத சாமை சாம்பலும் பழுப்பும் கலந்த நிறத்தில் இருக்கும். தவிட்டில் எண்ணெய்ப் பசை உண்டு, அதனால் இரண்டு மூன்று மாதத்தில் காரல் வாடை அடிக்கும், பூச்சியும் வரும். எந்தச் சமையல்காரர் "இது கார்த்திகையில உமி எடுத்தது, மாசிக்குள்ளே தீர்த்துடணும்" என்று கணக்குச் சொல்கிறாரோ, அவரை நம்பிச் சாப்பிடலாம்.

சாமைச் சோற்றை பஃபேயில் வைத்திருந்தால் எடுக்காதீர்கள். அரை மணி ஊறவைத்து, ஒன்றுக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் விட்டு, அடுப்பை அணைத்தபின் பத்து நிமிடம் மூடி வைத்து, உடனே இலைக்கு வந்தால் பூப்போல இருக்கும். சூடேற்றும் தட்டில் அரை மணி கிடந்தால் மேலே காய்ந்து விறைத்துவிடும். சிறுதானியம் ருசியில்லை என்று சொல்கிற பாதிப்பேர் சாப்பிட்டது அந்தத் தட்டிலிருந்து எடுத்ததாகத்தான் இருக்கும். 2023ஐ சர்வதேசச் சிறுதானிய ஆண்டு என்று ஐ.நா. அறிவித்தபோது பெரிய விடுதிகள் எல்லாம் மெனுவில் சாமைப் பிரியாணி, தினைப் பாயசம் என்று சேர்த்தன. பரிமாறும் முறையை மாற்றவில்லை, அதனால் பல இடங்களில் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. உங்கள் மேசைக்கு மட்டும் ஒரு மணிக்குச் சாமைச் சோறு வடித்துத் தாருங்கள் என்று காலை டிபன் நேரத்திலேயே சொல்லிவிடுங்கள். கேழ்வரகுக் களியும் அப்படியே. நொய் வேகும்போது மாவைக் குவித்துக் கொட்டி, துடுப்பால் கட்டி தட்டாமல் கிண்டி, கையைத் தண்ணீரில் நனைத்து உருட்டிப் போட்ட சூட்டிலேயே சாப்பிட்டால்தான் களி. பக்கத்தில் கீரைக் கடைசலோ, கொள்ளுக் கடைசலோ, அசைவம் என்றால் கருவாட்டுக் குழம்போ இருக்க வேண்டும். வட ஆற்காட்டுச் சமையலை ஒரே இலையில் காட்டு என்றால் நான் இதைத்தான் காட்டுவேன்.

எப்போது போகலாம் என்று கேட்டீர்கள். இதைப் படித்ததும் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். எல்லோரும் மலை ஏறுவது சித்திரை, வைகாசியில், பள்ளி விடுமுறையில், வேலூர் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும்போது. கொல்லை வறண்டு கிடப்பதும் அந்த நேரத்தில்தான். கிணற்றில் தண்ணீர் இறங்கிவிடும், இருக்கிற தண்ணீர் அறைகளுக்கே சரியாக இருக்கும். பாத்தியில் கீரை கூட ஒழுங்காக நிற்காது. விருந்தாளி மூன்று மடங்கு, விளைச்சல் மூன்றில் ஒரு பங்கு. பண்ணைச் சாப்பாடு என்று அதிகம் விளம்பரம் ஆகிற மாதத்தில் பண்ணையிலிருந்து மிகக் குறைவாகத்தான் வருகிறது. அந்த மாதங்களில் மலைக்கே உரியது என்று கேட்டால் பலாப்பிஞ்சு, மாங்காய், புதுப்புளி, தேன், முருங்கைக்கீரை. அவற்றை வைத்து நல்ல சாப்பாடு போட முடியும், பலாப்பிஞ்சுக் கறியை ஒழுங்காகச் செய்தால் மட்டனைத் தேட மாட்டீர்கள். ஆனால் பலவிதமாக எதிர்பார்க்காதீர்கள்.

ஆனியில் ஏலகிரிப் பலா பழுக்கும். ஆவணியிலிருந்து இரண்டு மலையிலும் சீத்தாப்பழம். மழை பிடித்தபின் புரட்டாசி, ஐப்பசியில் பூசணி, பீர்க்கங்காய், புடலை, கொல்லையோரம் தானாக முளைக்கிற பண்ணைக்கீரை. அதற்கப்புறம் வருகிற மார்கழி, தை இருக்கிறதே, என்னைக் கேட்டால் சாப்பாட்டுக்காக மலை ஏற வேண்டியது அப்போதுதான். சாமை புதுசாக வீடு வந்திருக்கும், கிணற்றில் தண்ணீர் இருக்கும், பந்தலெல்லாம் அவரை காய்த்துத் தொங்கும். பொழுது குறையக் குறையத்தான் பந்தலில் ஏறுகிற நாட்டு அவரையும் மொச்சையும் பூக்கும், அதனால் அவற்றுக்கு இதை விட்டால் வேறு பருவம் கிடையாது. துவரை பச்சையாகக் காயோடு கிடைக்கும். வேகவைத்த பச்சைத் துவரங்காயை உரித்துத் தின்றுகொண்டு உட்கார்ந்தால் பிள்ளைகள் சிப்ஸ் கேட்க மாட்டார்கள்.

அந்தச் சமயம் போனால் பிதுக்கம்பருப்புக் குழம்பு கேளுங்கள். உரித்த அவரைக்கொட்டையை ராத்திரி முழுக்க ஊறவைப்பார்கள். காலையில் இரண்டு பேர் முறத்தைச் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொரு கொட்டையாகக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்துவார்கள். தோல் விரலில் நிற்க, வழுவழுவென்று பச்சைப்பருப்பு தெறித்து விழும். நாற்பது பேருக்கு ஆறு கிலோ கொட்டையாவது பிதுக்க வேண்டும். எந்த இயந்திரமும் உதவாது. தேங்காய், தனியா, சின்ன வெங்காயம், பூண்டு, ஒரு துண்டு பட்டை, இரண்டு கிராம்பு வறுத்து அரைத்து ஊற்றிக் கொதிக்கவிட்டால், ஒரு கொதியில் பருப்பு வெண்ணெயாக வெந்துவிடும். களிக்கும் சோற்றுக்கும் இட்லிக்கும் பொருந்துகிற குழம்பு. இதை மெனுவில் அச்சடித்து வைக்கிற ரிசார்ட் அபூர்வம், ஏனென்றால் ஆள் வேலை அதிகம். ஆனால் முதல் நாள் மாலையே கேட்டுக்கொண்டால் சந்தோஷமாகச் செய்து கொடுப்பார்கள், சமையல்கட்டில் இருக்கிற பெண்கள் அவரவர் வீட்டில் செய்வதுதானே. பெரும்பாலும் அந்த மலைக் கிராமத்துப் பெண்கள்தான் அங்கே வேலைக்கு வருகிறார்கள். பன்னீர் பட்டர் மசாலாவை அவர்கள் யாரிடமோ கற்றுக்கொண்டு செய்கிறார்கள். இதை அம்மாவிடம் கற்றிருக்கிறார்கள். அந்த வித்தியாசம் நாக்குக்குத் தெரியும்.

இனி, ரிசார்ட்டை எப்படிப் பரிசோதிப்பது. அறை போடுவதற்கு முன் போன் செய்யும்போது, "இந்த வாரம் உங்க கொல்லையில என்ன காய் இருக்கு?" என்று கேளுங்கள். "கத்திரி இருக்குங்க, முருங்கை இருக்கு, தக்காளி இப்பதான் பூ விட்டிருக்கு" என்று தடுமாறாமல் பதில் வந்தால் அங்கே நிஜமாகவே ஒரு கொல்லை இருக்கிறது. "எல்லாமே இருக்கு சார், நீங்க வாங்க" என்றால் மார்க்கெட் பில் இருக்கிறது. போனபிறகு, காலை ஆறரை ஏழு மணிக்குப் பாத்திப் பக்கம் நடந்து பாருங்கள். பார்ப்பதற்கு அழகாக நாலு வரிசை வைத்து, எதையும் பறிக்காமல் விட்டிருக்கிறார்களா, அல்லது பாதி பறித்து, பாதி முற்றி, ஒரு மூலையில் புது நாற்று விட்டிருக்கிறார்களா என்பது பார்த்தாலே புரியும். சமையலுக்குப் பயன்படுகிற கொல்லை ஒருநாளும் போட்டோவுக்கு எடுப்பாக இருக்காது.

கத்திரிக்காய் கையில் கிடைத்தால் காம்பைப் பாருங்கள். நம் வேலூர் மாவட்டத்து இலவம்பாடி முள் கத்திரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது தெரிந்திருக்கும். காம்பு, இலை, தண்டு எல்லாவற்றிலும் முள். அன்று காலை பறித்த காயின் காம்பு பச்சைப்பசேலென்று, முள் விரலைக் குத்தும். இரண்டு நாள் ஆனால் காம்பு சுருங்கிப் பழுப்பாகி, முள் மழுங்கிவிடும். நறுக்கினால் விதையும் கறுத்திருக்கும். இந்தக் காய் அணைக்கட்டுப் பக்கத்துச் சமவெளிப் பயிர், மலைப்பயிர் இல்லை. ஒரு ரிசார்ட்காரர் "இது எங்க கொல்லைக் காய் இல்லீங்க, இலவம்பாடியிலிருந்து வாங்கி வந்தது" என்று சொன்னால் எனக்கு அவர் மேல் மரியாதை கூடும். தக்காளியும் சொல்லிவிடும். லாரியில் வர வேண்டிய பழத்தைச் செங்காயாகவே பறித்துவிடுவார்கள், வெளியே சிவந்தாலும் உள்ளே வெள்ளை நரம்பு ஓடும். செடியிலேயே பழுத்தது மேல்தோல் வெடித்து, கோணல்மாணலாக, தொட்டால் அமுங்கும். ரசத்துக்கு அதுதான் வேண்டும்.

இதற்கெல்லாம் மேலான அடையாளம் பண்டங்களின் எண்ணிக்கை. பஃபேயில் முப்பது வகை அடுக்கியிருந்தால் அதில் கொல்லை இருக்க வழியில்லை. எந்தக் கொல்லையும் ஒரே நாளில் முப்பது வகைக்குக் காய் கொடுக்காது. ஒரு பொரியல், ஒரு கூட்டு அல்லது கடைசல், ஒரு குழம்பு, ரசம், மோர், ஊறுகாய் என்று சுருக்கமாகப் போட்டு, மறுநாள் அவை மாறியும் இருந்தால் அது கொல்லையைப் பார்த்துச் சமைக்கிற சமையல்கட்டு. விருந்தாளிகள் "இவ்வளவு காசு கொடுத்து ஆறே ஐட்டமா?" என்று சண்டை போடுவதை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சண்டைக்குப் பயந்துதான் நல்ல எண்ணத்தோடு ஆரம்பித்த ரிசார்ட்டுகளும் மூன்றாவது வருடத்தில் கோபி மஞ்சூரியனுக்கும் பாக்கெட் பட்டாணிக்கும் போய்விடுகின்றன. கொல்லை களை மண்டிப் போகிறது. விளம்பரப் பலகை மட்டும் அப்படியே நிற்கிறது. தயவுசெய்து நீங்கள் அந்தச் சண்டை போடாதீர்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். சொந்தப் பண்ணை என்பதற்கு நாம் கொடுக்கிற மதிப்பைப் பக்கத்துக் கிராமத்தில் வாங்கியது என்பதற்குக் கொடுப்பதில்லை. எனக்கு அது சரியாகப் படவில்லை. ஏலகிரியில் பதினான்கு கிராமங்கள் இருக்கின்றன, ஜவ்வாதில் அதைவிட மிக அதிகம். தலைமுறை தலைமுறையாகச் சாமையும் கேழ்வரகும் அவரையும் விளைவிக்கிற குடும்பங்கள் அவை. ரிசார்ட்காரர் அரை ஏக்கரில் அரைகுறையாக விளைவிப்பதைவிட, அந்த விவசாயியிடம் நியாயமான விலைக்கு வாங்கினால் உங்களுக்கும் நல்ல பண்டம் கிடைக்கும், அறுவடையான உடனே வந்த விலைக்குத் தரகரிடம் தள்ளிவிட வேண்டிய நிலையும் அந்தக் குடும்பத்துக்குக் குறையும். மலைப்புளியும் தேனும் இப்படித்தான் பல வருடமாகக் கை மாறி, கீழே போய், யாரோ ஒருவர் பெயர் ஒட்டிய பாட்டிலில் திரும்ப மேலே வருகின்றன. "சாமை யார்கிட்ட வாங்கறீங்க, எந்த ஊரு?" என்று கேளுங்கள். ஊர்ப் பெயர் சொல்ல முடிந்தால் அது உங்களுக்குப் போதுமான சான்று.

காகிதச் சான்றும் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். சாப்பாடு விற்கிற எல்லா இடத்துக்கும் உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண் இருக்க வேண்டும், கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். இயற்கை விவசாயப் பொருள் என்று பாக்கெட்டில் போட்டு விற்றால் 2017ஆம் ஆண்டு விதிமுறைப்படி ஜைவிக் பாரத் முத்திரை வேண்டும். தான் விளைவித்ததைத் தானே நேரடியாக விற்கிற சிறு விவசாயிக்கு அதில் விலக்கு இருக்கிறது. அதனால் சந்தையில் கூடையோடு உட்கார்ந்திருக்கிற பாட்டியிடம் முத்திரை கேட்காதீர்கள். ரிசார்ட் கடையில் கண்ணாடிப் பாட்டிலில் விற்றால் கேளுங்கள்.

மாமனார் விஷயம். சிறுதானியம் என்றால் சர்க்கரைக்காரர்கள் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்கிற பேச்சை நம்ப வேண்டாம். 100 கிராம் சாமையில் ஏறக்குறைய 65 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. அரிசியைவிடக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். தீட்டாத சாமையில் நார்ச்சத்து கூட இருப்பதால் சர்க்கரை மெதுவாக ஏறும், சீக்கிரம் வயிறு நிறையும், அதுதான் லாபம். சோற்றுக்குப் பதில் சாமை ஒரு சின்னக் கிண்ணம், அதைவிட இரண்டு பங்கு பொரியலும் கீரையும் என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். களி பிடிக்கும் என்றால் பாதி உருண்டை, நிறையக் கீரைக் கடைசலோடு. கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, வயதானவர்களுக்கு நல்லது. ஆனால் அதையே கூழாகக் கரைத்துக் குடித்தால் சர்க்கரை வேகமாக ஏறும். பலாச்சுளையும் தேனும் "மலைத் தேன், ஒண்ணும் பண்ணாது" என்று யார் சொன்னாலும் சர்க்கரைதான். மாத்திரையோ ஊசியோ போடுகிறவர் என்றால் சாப்பாடு தாமதமாகக் கூடாது. மலை ரிசார்ட்டுகளில் ஒரு மணிச் சாப்பாடு இரண்டரை ஆவது சாதாரணம், அதனால் நேரத்தை முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள், அளவுகளை அவருடைய டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வீட்டில் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் தேனை நாக்கில் கூடத் தடவ வேண்டாம்.

ஏலகிரியா ஜவ்வாதா என்றால், சாப்பாட்டுக்காக மட்டும் போவதாக இருந்தால் ஜவ்வாது என்று சொல்வேன். போளூர் வழியாகவோ ஆலங்காயம், காவலூர் வழியாகவோ ஜமுனாமரத்தூர் போகலாம். தங்குமிடங்கள் குறைவு, வசதிகளும் எளிமையானவை, ஆனால் சாமையும் களியும் அங்கே விருந்தாளிக்காகச் செய்கிற அதிசயம் இல்லை, தினப்படிச் சாப்பாடு. உங்களோடு வயதானவரும் பிள்ளைகளும் இருப்பதால் ஏலகிரியே வசதி. பதினான்கு கொண்டை ஊசி வளைவுதான், ரோடு நன்றாக இருக்கிறது, அவசரம் என்றால் திருப்பத்தூரும் ஜோலார்பேட்டையும் பக்கம். சனி ஞாயிறு வேண்டாம். பெங்களூருவிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்து குவிகிற கூட்டத்துக்கு நடுவே உங்களுக்கென்று யாரும் பருப்பு பிதுக்க மாட்டார்கள். செவ்வாய், புதனில் போனால் சமையல்காரரே வந்து பேசுவார்.

பிள்ளைகளின் பிரியாணிக்கு வழி ரோட்டிலேயே இருக்கிறது. காட்பாடியிலிருந்து ஏலகிரிக்குப் போகிற நெடுஞ்சாலை ஆம்பூர் வழியாகத்தான் போகிறது. மலையில் பாசுமதியைப் போட்டுச் செய்கிற ரிசார்ட் பிரியாணியை வாங்கித் தருவதற்குப் பதில், போகும்போதோ வரும்போதோ ஆம்பூரில் நிறுத்தி, ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய் விழுதில் வெந்த சீரகச் சம்பா பிரியாணியை, கத்திரிக்காய்த் தொக்கோடு வாங்கிக் கொடுங்கள். மலையில் இருக்கிற இரண்டு நாளும் வேறு சாப்பாடு என்று கிளம்பும் முன்பே பேசி வைத்துவிட்டால் பிள்ளைகள் ஒத்துக்கொள்வார்கள். அவர்களைக் காலையில் கொல்லைக்கு அனுப்பி, மத்தியானக் கூட்டுக்கான அவரையை அவர்கள் கையாலேயே பறிக்கச் சொல்லுங்கள், பெரும்பாலான ரிசார்ட்டில் கேட்டால் விடுவார்கள்.

அறை போடும்போது சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: ஏழு பேர், செவ்வாய்க்கிழமை வருகிறோம், பஃபே வேண்டாம், மத்தியானம் கொல்லையில் இருக்கிற காயில் ஒரு பொரியலும் ஒரு கடைசலும், சாமைச் சோறு சூடாக, ராத்திரிக்குக் களி, ஒருவருக்குச் சர்க்கரை இருக்கிறது, ஒரு மணிக்குச் சாப்பாடு இலையில் விழ வேண்டும். நாட்டுக்கோழிக் குழம்பு வேண்டுமென்றால் அதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். உயிர்க்கோழியாகப் பிடித்துவர நேரம் வேண்டும், வேக ஒரு மணி நேரமாவது ஆகும். இதற்கெல்லாம் சரி என்று சொல்கிற இடத்தில் முன்பணம் கட்டுங்கள். முடியாது, எங்கள் மெனு இதுதான் என்றால் அடுத்த நம்பருக்குப் போன் போடுங்கள்.